உஷார்! ‘சிஸ்டம் ஏத்துக்கிச்சு’ என்றால் நம்பிவிடாதீர்கள்

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், கச்சிராயபாளையம் பக்கத்து ஜனங்களே, மலைமேல் வெள்ளிமலை, கரியாலூர் வட்டாரத்துக்காரர்களே, கொஞ்ச நேரம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத அப்பா அம்மா வீட்டில் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். “ஆதாரைப் போட்டேன், சிஸ்டம் ஏத்துக்கிச்சு, இனி உங்களுக்குக் கவலையில்ல” என்று யாராவது சொன்னால், கவலைப்பட ஆரம்பிக்க வேண்டிய நேரம் அதுதான். “ரேகை விழல, இன்னொரு தடவை வைங்க” என்றால் இன்னும் உஷாராக வேண்டும்.

சும்மா பீதி கிளப்பவில்லை. இந்த மாவட்டம் ஏற்கெனவே சூடுபட்டது. 2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து வந்த கள்ளக்குறிச்சிக்கு ஒரு வயதுகூட முடியவில்லை, 2020 ஆகஸ்டில் பி.எம். கிசான் மோசடியில் அதன் பெயர் தமிழ்நாடு முழுக்க அடிபட்டது. சொந்தப் பெயரில் சாகுபடி நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு வருஷம் 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணையாக நேராக வங்கிக் கணக்கில் போடும் மத்திய அரசுத் திட்டம் அது. நிலம் இல்லாதவனுக்குக் கிடையாது. குத்தகைக்கு உழுகிறவனுக்கும் கிடையாது.

ஊரடங்கு நேரம். வேலை இல்லை, கையில் காசு இல்லை. “கொரோனா பணம் வருதுண்ணே, ஆதார் ஜெராக்ஸும் பாஸ்புக் ஜெராக்ஸும் குடுங்க” என்று தரகர்கள் ஊர் ஊராக வந்தார்கள். கொடுத்தவர்களுக்குப் பணமும் வந்தது. வந்த பணத்தில் தரகருக்கும் ஒரு பங்கு போனது. நிலமே இல்லாத கூலித் தொழிலாளிகள் கணினியில் விவசாயி ஆனார்கள். அவர்களில் பலர் கடைசி வரை அதைக் கொரோனா நிவாரணம் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்போதைய வேளாண்மைத் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி செப்டம்பரில் சொன்ன கணக்கு: தகுதியில்லாதவர்கள் சுமார் 5.5 லட்சம் பேர், போன பணம் 110 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 2,000. கச்சிதமாக ஒரு தவணை.

விசாரணை சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. துறையின் ஒப்பந்த ஊழியர்கள், கம்ப்யூட்டர் சென்டர்காரர்கள் என்று வரிசையாகக் கைதானார்கள். அதிகாரிகளுக்கான யூசர் நேமும் பாஸ்வேர்டும் வெளியாட்கள் கைக்குப் போயிருந்தது அம்பலமானது. இவ்வளவும் பலருக்கு ஞாபகம் இருக்கும். மறந்துபோனது இதற்குப் பிறகு நடந்ததுதான். அரசு பணத்தைத் திரும்ப வாங்க ஆரம்பித்தது. யாரிடம்? கணக்கில் பணம் விழுந்தவரிடம். தரகரின் பங்கு வங்கி ஏட்டில் எங்கும் பதியவில்லை. முழு இரண்டாயிரமும் கூலிக்காரர் பெயரில்தான் நின்றது. கணக்கை முடக்கினார்கள், இருந்ததிலிருந்து எடுத்தார்கள்.

சரி, இத்தனை கம்ப்யூட்டர் இருந்தும் எப்படி நடந்தது? இங்கேதான் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கம்ப்யூட்டரை யாரோ ‘ஹேக்’ பண்ணிவிட்டான் என்று நினைக்கிறார்கள். அப்படி எதுவும் தேவைப்படவில்லை. அதில் இருந்த சரிபார்ப்புகள் ஒவ்வொன்றும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தன. பயப்பட வேண்டிய விஷயமே அதுதான்.

ஆதார் எண்ணையே எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு இலக்கம். உண்மையான எண் முதல் பதினொன்றுதான், கடைசி இலக்கம் காவலுக்கு நிற்பது. முந்தைய பதினொன்றையும் வைத்து ஒரு கணக்குப் போட்டால் அந்தக் கடைசி இலக்கம் வரவேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பாகத் தட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். இந்தக் கணக்குக்குச் சொந்தக்காரர் யாக்கோபஸ் வெர்ஹூஃப் என்ற நெதர்லாந்துக் கணிதர். 1969-ல் வெளியிட்டார். மனிதன் எண்களைத் தட்டும்போது செய்கிற தவறுகளில் இரண்டுதான் பிரதானம்: ஒரு இலக்கத்தை மாற்றி அடிப்பது, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி அடிப்பது. இரண்டில் எது நடந்தாலும், ஒன்று விடாமல் பிடித்துவிடும் அவர் முறை. அழகான கணிதம், சந்தேகமே இல்லை.

ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி என்ன? ‘இந்த எண்ணைத் தட்டும்போது கை தவறியதா?’ அவ்வளவுதான். வாய்க்கு வந்த பதினொரு இலக்கத்தைச் சொல்லிக் கடைசியில் குத்துமதிப்பாக ஒன்றைச் சேர்த்தாலும் பத்தில் ஒரு தடவை அந்தக் கணக்கு ‘சரி’ என்றுதான் சொல்லும். அடுத்த படியில் ஆதார் களஞ்சியத்தோடு ஒப்பிட்டால் அந்த ஆள் இருக்கிறார் என்று தெரியும். அதற்கடுத்து வங்கி, அந்தக் கணக்கு உயிரோடு இருக்கிறது என்று சொல்லும். மூன்றும் பச்சை. மூன்றில் ஒன்றாவது ‘இவருக்கு நிலம் இருக்கிறதா?’ என்று கேட்டதா? கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் ஒரு மனிதர், தன் லாகினில் நுழைந்து ஒப்புதல் தரவேண்டிய அதிகாரி. அந்த லாகின்தான் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்விட்டதே.

என் ஆதங்கம் ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். இதை முதல் வாரத்திலேயே பிடிக்கும் முறை நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கணினி அறிவியல் பாடத்தில் இருக்கிறது. ஒடிசாவின் கட்டாக்கில் பிறந்து அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜெயதேவ் மிஸ்ராவும் டேவிட் கிரீஸும் 1982-ல் வெளியிட்டது. லட்சக்கணக்கில் வரிசையாக ஓடிவரும் பெயர்களில் எந்தப் பெயர் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருகிறது என்று, எல்லாவற்றையும் சேமித்து வைக்காமலே கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் சொன்ன வழி இது. ஒன்பது கட்டங்கள் வைத்துக்கொள். வருகிற பெயர் ஏற்கெனவே ஒரு கட்டத்தில் இருந்தால் அதன் எண்ணிக்கையில் ஒன்று கூட்டு. இல்லாவிட்டால் காலிக் கட்டத்தில் எழுது. காலிக் கட்டமும் இல்லையா, ஒன்பதிலும் ஒவ்வொன்று குறைத்துவிடு, பூஜ்யமானதை அழித்துவிடு. கடைசியில், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வந்த எந்தப் பெயரும் அந்த ஒன்பது கட்டத்திலிருந்து தப்பவே முடியாது. தாளும் பென்சிலும் இருந்தால் ஒரு எட்டாம் வகுப்புப் பையன் செய்துவிடுவான்.

ஒப்புதல் கொடுத்த லாகின்களின் வரிசையில் இதை ஓடவிட்டிருந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் ‘ஓகே’ ‘ஓகே’ என்று தட்டிக்கொண்டிருந்த லாகின்கள் தாமே மேலே மிதந்து வந்திருக்கும் என்பது என் கணிப்பு. பயனாளியைச் சந்தேகிக்க மூன்று கணக்கு வைத்தார்கள், ஒப்புதல் தருகிறவரைக் கண்காணிக்க ஒன்றுகூட வைக்கவில்லை. இந்த வழக்கம் இந்தத் திட்டத்தோடு நிற்பதில்லை.

அது பழைய கதை, இப்போது ஏன் கிளப்புகிறாய் என்று கேட்பீர்கள். இப்போதுதான் சங்கதியே இருக்கிறது. 2025 தொடக்கத்திலிருந்து விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் பதிகிறார்கள். பி.எம். கிசான் தவணைக்கும் மற்ற மானியங்களுக்கும் இனி அந்த எண்தான் வாசல் என்கிறார்கள். பட்டாவில் இருக்கும் பெயரையும் ஆதாரில் இருக்கும் பெயரையும் கணினி ஒப்பிட்டு ‘மேட்ச் ஸ்கோர்’ என்று ஒரு மதிப்பெண் போடும். 2020-ல் நிலமில்லாதவன் உள்ளே வந்தான். இந்த முறை பயம் தலைகீழ். நிலம் உள்ளவன் வெளியே நிற்கப்போகிறான்.

பெயரை ஒப்பிடுவதில் என்ன கஷ்டம் என்று கேட்காதீர்கள். ரஷ்யக் கணிதர் விளாதிமிர் லெவென்ஷ்டைன் 1965-ல் ஒரு அளவு சொன்னார். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை எழுத்தை மாற்ற வேண்டும், சேர்க்க வேண்டும், நீக்க வேண்டும் என்று எண்ணு. அந்த எண்ணிக்கைதான் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம். இன்று புழங்கும் பல பெயர் ஒப்பீட்டு முறைகளுக்கு வேர் அதுதான். நம்ம ஊர்ப் பெயரை வைத்துப் பார்ப்போம். சின்னசாமி. ஆதாரில் ஆங்கிலத்தில் ‘சி’, ‘எச்’ என்று ஆரம்பித்துக் கடைசியில் ‘ஒய்’ போட்டிருக்கிறார்கள். பட்டாவிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியதில் ‘எஸ்’ என்று ஆரம்பித்து ‘ஐ’ என்று முடித்திருக்கிறது. எஸ்ஸை சியாக்கு, எச்சைச் சேர், ஐயை ஒய்யாக்கு. தூரம் 3. ஆள் ஒருவர்தான்! இப்போது ராமனையும் ரமணியையும் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் கடைசியில் ஒரே ஒரு ‘ஐ’ கூட. தூரம் 1. ஒருவர் ஆண், ஒருவர் பெண். அந்தக் கணக்குப்படி சின்னசாமி தனக்குத்தானே அந்நியர், ராமனும் ரமணியும் கிட்டத்தட்ட ஒரே ஆள்.

இதோடு இனிஷியல் வேறு. ஆதாரில் பின்னால் ‘ஆர்’, பட்டாவில் ‘த/பெ ராமசாமி கவுண்டர்’, பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக. பிறந்த தேதி காப்பாற்றுமா? வயதை மட்டும் சொல்லி ஆதார் எடுத்தவர்களில் ஏராளமானவர்களுக்கு ஜனவரி 1 என்றுதான் விழுந்திருக்கிறது. கணிதத்தில் ‘பிறந்தநாள் முரண்’ என்று ஒன்று சொல்வார்கள். 23 பேர் கூடினாலே அவர்களில் இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அது பிறந்தநாள்கள் வருஷம் முழுக்கப் பரவியிருந்தால். மலையில் ஒரே ஊரில் நாலு சின்னசாமி இருந்து நாலு பேரும் ஜனவரி 1-ல் பிறந்திருந்தால் எந்தக் கணக்கு யாரை யாரிடமிருந்து பிரிக்கும்?

மலை விஷயம் இதைவிடச் சிக்கல். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்த பூமி. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்கள். மண்ணில் பாடுபட்டவனிடம் காகிதம் இருக்கவில்லை. ஜாகீர் போய் இத்தனை காலமாகியும், சாமையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் போடுகிற மலையாளிப் பழங்குடி விவசாயிகளில் எத்தனையோ பேர் பட்டாவுக்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள். 2024 கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலை மக்களின் வாழ்நிலையைக் கையில் எடுத்தபோதுதான் இந்த மலைக்குச் சாலைகூட ஒழுங்காக இல்லை என்பது கீழே இருப்பவர்கள் பலருக்கு உறைத்தது. ஏட்டில் இல்லாத நிலத்தை எந்த அல்காரிதமும் பார்க்காது. நேரில் போய் நின்றால் சாமைக் கதிர் காலில் உரசும். திரையிலோ பூஜ்யம் ஏக்கர்.

பெயர் ஒப்பீடு தப்பினால் என்ன ஆகும் என்று தெலங்கானா ஏற்கெனவே பார்த்துவிட்டது. ‘சமக்ர வேதிகா’ என்று ஒரு மென்பொருள். கார் பதிவு, சொத்து, மின்சாரம் என்று பல துறைத் தகவல்களையும் பெயர் பார்த்து ஒட்டி, ‘இவர் வசதியானவர்’ என்று முடிவு கட்டும். ரிக்‌ஷா இழுத்து வாழ்ந்த ஒருவரை அதே மாதிரிப் பெயருள்ள கார்காரரோடு சேர்த்து ஒட்டிவிட்டது. அந்தக் குடும்பத்துக்கு உரிய ரேஷன் கிடைக்காமல் போனது. பத்திரிகையாளர்கள் இதைத் தோண்டி எழுதினார்கள். ரத்தான சுமார் 19 லட்சம் கார்டுகளை வீடு தேடிப் போய் மறுபடி சரிபார்க்கும்படி 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. நம்மூரிலும் 2023-ல் மகளிர் உரிமைத் தொகைக்கு 1.63 கோடி பேர் விண்ணப்பித்து 1.06 கோடி பேர் முதலில் தேர்வானபோது மின்சார யூனிட், கார், நிலம் என்று தகவல்களை ஒப்பிட்டுத்தான் வடிகட்டினார்கள். மேல்முறையீட்டுக்கு வழி வைத்தார்கள் என்பது நல்ல விஷயம். வழி இருப்பது தெரியாமல் “சிஸ்டம்ல வரலயாம்” என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

தரகன் நுழையும் சந்து இதுதான். “பேர் மேட்ச் ஆகல, நான் சரி பண்ணித் தர்றேன், ஆயிரம் ஆகும்” என்பான். ஆதாரை வாங்குவான், போனையும் வாங்குவான். விவசாயி அடையாள எண் பதிவுக்குக் காசு கிடையாது. முகாமிலும் பொதுச் சேவை மையத்திலும் இலவசம். பெயர் பொருந்தாவிட்டால் சரிசெய்ய வேண்டிய இடம் ஒன்று ஆதார் மையம், இல்லை தாலுகா அலுவலகம். மூன்றாவது இடம் கிடையாது.

இனி கைரேகை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் இதுதான் தினசரி நடக்கிறது.

நூறு நாள் வேலைக் கூலியும் முதியோர் பென்ஷனும் எடுக்க வங்கிக்கு இறங்கி வருவதென்றால் ஒரு நாள் பிழைப்பு போய்விடும். அதனால் சின்ன மெஷினோடு வரும் வங்கி முகவரிடம் ரேகை வைத்துப் பணம் எடுக்கிறார்கள். ஆதார் எண்ணும் விரலும் போதும், ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். மெஷின் ரேகையை வெறும் படமாக மட்டும் பார்ப்பதில்லை. விரல் கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்ற புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, ஏற்கெனவே உள்ள புள்ளிகளோடு ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் போடும். மதிப்பெண் ஒரு எல்லையைத் தாண்டினால் ‘ஆள் சரி’. எல்லையை உயர்த்தினால் நல்லவன் விரலும் தள்ளுபடியாகும், தாழ்த்தினால் அடுத்தவன் விரலும் தேறிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் இல்லாமல் செய்ய எந்தக் கணிதராலும் முடியாது. கரும்பு வெட்டி, மரவள்ளி பிடுங்கி, மண் வெட்டித் தேய்ந்த கைக்கு அந்தக் கோடுகளே மங்கிப்போயிருக்கும். அதனால் ‘ரேகை விழல’ என்பது பல நேரம் நிஜமாகவே நடப்பதுதான்.

நிஜமாக நடப்பதால்தான் திருடனுக்கு வசதி. காட்சியைப் பாருங்கள். ஒரு ஆயா வருகிறார், ஆயிரம் ரூபாய் கேட்கிறார். முகவர் பையன் தொகையைத் தட்டுகிறான், விரல் வைக்கிறார். பணம் கணக்கிலிருந்து போய்விட்டது. திரை அவன் பக்கம். “விழல ஆயா. கைய நல்லாத் தொடச்சிட்டு வைங்க.” ஆயா முந்தானையில் துடைத்து மறுபடி வைக்கிறார். மறுபடி ஆயிரம். “இப்ப விழுந்துடுச்சு, இந்தாங்க.” ஒரு ஆயிரம் ஆயா கையில், இன்னொரு ஆயிரம் அவன் பையில். ஆயாவுக்குச் சந்தேகமே வராது. போன மாதம் ரேஷன் கடையிலும் நிஜமாகவே மூன்று தடவை வைத்துத்தானே சர்க்கரை வாங்கினார்! குறுஞ்செய்தி போனது வெளியூரில் வேலை பார்க்கும் மகன் நம்பருக்கு, அல்லது எப்போதோ தொலைந்த சிம்முக்கு. எல்லா முகவரும் இப்படி இல்லை. பெரும்பாலானவர்கள் நாணயமாக, சிக்னலுக்காக மேடு தேடி ஏறி நின்று வேலை செய்கிறவர்கள். ஆனால் இந்த வித்தை நாடு முழுக்கப் பழசு. மெஷினின் நேர்மையான தடுமாற்றத்துக்குள் ஒளிந்துகொண்டு நடப்பதால் பிடிபடுவது கஷ்டம்.

ஆகவே, ‘விழல’ என்றால் உடனே அடுத்த தடவை வைக்காதீர்கள். திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். தோல்வி என்றாலும் அதற்கும் ஒரு சீட்டு வரும், அதைக் கேளுங்கள். பணம் எடுத்த பிறகு மீதி இருப்பு எவ்வளவு என்று சீட்டில் இருக்கும், கூட வந்த பள்ளிப் பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே ஆளிடம் ஒரே நாளில் இரண்டு தடவை ரேகை வைத்திருந்தால் அந்த வாரமே பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்து பாருங்கள். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி ஆதார் இணையதளத்திலும் செயலியிலும் இருக்கிறது. கீழே டவுனில் இருப்பவர்களுக்கு நல்லது. மலையில் இருப்பவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க மாட்டேன். பூட்டினால் ரேஷன் கடையிலும் விரல் வேலை செய்யாது, திறக்க சிக்னல் வேண்டும், ஓடிபி வேண்டும். அதற்குப் பதில், விரல் வைத்துப் பணம் எடுக்கும் பழக்கமே இல்லாத கணக்கில் அந்த வசதியை நிறுத்தி வைக்க முடியுமா என்று வங்கியிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

ஓடிபி பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு கணக்கை மட்டும் காட்டுகிறேன். ஆறு இலக்கம் என்றால் பத்து லட்சம் சாத்தியங்கள். மூன்று தடவைதான் முயலலாம் என்றால் ஊகித்துத் திறக்க வாய்ப்பு பத்து லட்சத்தில் மூன்று. இந்தப் பாதுகாப்பைக் கணக்குப் போட்டு உடைக்க எந்தத் திருடனும் நேரம் செலவழிக்க மாட்டான். உங்களையே சொல்ல வைப்பான். அல்லது அதைவிடச் சுலபமான வழி, வாட்ஸ்அப்பில் ‘பிஎம் கிசான்’ என்ற பெயரில் ஒரு ஃபைல் அனுப்புவான். பெயரின் கடைசியில் ‘ஏபிகே’ என்று இருக்கும். தவணை நின்றுபோச்சு, உடனே கேஒய்சி பண்ணு என்று மிரட்டும். அழுத்தினால் செயலி இறங்கும், ‘குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதியா?’ என்று கேட்கும். நீங்கள் ‘ஆமாம்’ தட்டிய பிறகு ஓடிபியை யாரும் உங்களிடம் கேட்கவே வேண்டாம், அதுவே எடுத்துக்கொள்ளும். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் தெரிந்த மாமா அனுப்பியிருந்தாலும் தொடாதீர்கள். மாமா போனை அது ஏற்கெனவே பிடித்திருக்கலாம், அவருக்குத் தெரியாமலே அது அனுப்பிக்கொண்டிருக்கும். நிஜமான கேஒய்சி மூன்றே வழியில்தான்: இணையதளத்தில் ஓடிபி, சேவை மையத்தில் விரல், பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிய அரசுச் செயலியில் முகம்.

பணம் போய்விட்டால் 1930-க்கு உடனே அடியுங்கள். “நாளைக்குப் பையன் வரட்டும்” என்று காத்திருந்தால் அதற்குள் பணம் நாலு கணக்கு மாறியிருக்கும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் நடுவழியில் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. போன் எடுக்காவிட்டால் நேராகக் காவல் நிலையம் போங்கள், மலையில் கரியாலூர்.

கடைசியாக ஒரு வேலை, இன்றே செய்யக்கூடியது. பி.எம். கிசான் இணையதளத்தில் கிராமவாரியாகப் பயனாளிகள் பட்டியல் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது. மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் பெயர்கள் வரும். பிளஸ் டூ படிக்கும் பிள்ளையிடம் சொல்லி உங்கள் ஊர்ப் பட்டியலை இறக்கி அச்செடுங்கள். அடுத்த கிராம சபையில், அது மே 1 ஆனாலும் ஆகஸ்ட் 15 ஆனாலும் அக்டோபர் 2 ஆனாலும், சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நிலமே இல்லாதவர் பெயர் வந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். அவரைத் திருடன் என்று ஏசாதீர்கள், 2020-ல் மாட்டியதுபோல அவரையும் யாரோ மாட்டிவிட்டிருக்கலாம். சொந்த நிலத்தில் உழுகிறவர் பெயர் விட்டுப்போயிருந்தால் அதையும் தீர்மானத்தில் எழுத வையுங்கள். நீங்கள் விண்ணப்பிக்காமலே உங்கள் பெயர் அதில் இருந்தால், பணம் வந்திருந்தாலும் வராவிட்டாலும், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். கொடுத்ததற்கு நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கி, ஆதாரோடு சேர்த்து வையுங்கள்.